தலைமை நாற்காலி எழும்வரை

ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் சங்கத்தில் மேஜரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'விதி' என்பார்கள். சங்கத்தின் விதிப்புத்தகத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி முற்றுப்புள்ளிவரை மனப்பாடமாக வைத்திருப்பதால் வந்த பட்டம். மாடிப்படியில் அவர் காலடிச் சத்தம் கேட்டால் போதும், "எல்லாரும் நேரா உக்காருங்கப்பா, விதி வருது" என்று யாராவது சொல்வார்கள். அது அவர் காதிலும் விழும். மனிதருக்கு அதில் துளிக்கூட வருத்தமில்லை. மொட்டை என்றும் தொப்பை என்றும் பட்டம் சுமந்து திரிகிறவர்கள் அந்தச் சங்கத்திலேயே நாலு பேர் இருக்கும்போது, தனக்குக் கௌரவமாக ஒன்று அமைந்ததே என்றுதான் நினைத்துக்கொள்வார்.

சங்கம் இருந்தது தபால் அலுவலகத்துக்கு மேல்மாடியில். உறுப்பினர்கள் அறுபது பேர். மாதத்தின் முதல் ஞாயிறு வரைபட நடை. அதாவது, கையில் ஒரு வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு, பிறந்து வளர்ந்த ஊரிலேயே வழி கண்டுபிடித்து நடப்பது. ஒரு தடவை பீரங்கிப்படைக் கேப்டன் பதினோரு பேரை நடத்திக்கொண்டுபோய்ச் சலவைக்கூடம் ஒன்றின் துணி உலர்த்தும் முற்றத்தில் நிறுத்திவிட்டார். மூன்றாம் ஞாயிறு முதலுதவி வகுப்பு. வருடத்துக்கொருமுறை தரைப்படைக்கும் கடற்படைக்கும் கயிறு இழுக்கும் போட்டி. இழுக்கிறவர்களின் சராசரி வயது அறுபத்தெட்டு என்பதால் சங்கத்தின் டாக்டரம்மா பக்கத்திலேயே ஸ்ட்ரெச்சரோடு நிற்பார்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது ஆண்டு விருந்து. அன்றைக்கு எல்லோரும் பதக்கம் குத்திய கறுப்புக் கோட்டில் வருவார்கள். போன வருடத்து வயிறு இந்த வருடத்துக் கோட்டுக்குள் அடங்க மறுத்தால், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு வருவார்கள். மாலை ஆறு மணிக்கே ஆரம்பம். பாதிப் பேருக்கு எட்டு மணிக்கு மாத்திரை.

விருந்துச் செயலாளர் நம் விதிதான். அன்று காலையிலிருந்தே அவர் தரையில் கால் பாவவில்லை. வருவதாகச் சொன்ன நாற்பது பேரின் தட்டுகளுக்கும் முள்கரண்டிகளுக்கும் இடையே ஸ்கேல் வைத்து அளந்தார். மடித்த துண்டுகளின் முனையெல்லாம் ஒரே பக்கம் பார்க்கிறதா என்று மேசைக்குக் கண்ணை இறக்கிப் பார்த்தார். சமையல்கட்டுக்கும் ஸ்கேலோடு போனார்.

"சார், அதை எடுத்துட்டு வெளிய போங்க. சூப்புல விழுந்தா நான் பொறுப்பில்ல" என்றாள் சமையல்காரம்மா. மூன்று பரிமாறுகிற ஆட்களை வைத்துக்கொண்டு பதினைந்து வருடமாக இந்த விருந்தைச் சமைப்பவள். அவளுக்கு மேஜரிடம் பயமெல்லாம் கிடையாது.

விருந்தில் இரண்டு விதிகளில் அவர் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒன்று பதினான்காம் விதி: செல்போன்களை வாசலில் இருக்கும் கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இன்னொன்று இருபத்திரண்டாம் விதி: தலைமை எழும்வரை ஒருத்தரும் எழக்கூடாது. இதில்தான் சிக்கல். தலைமை வகிப்பவர் ஜெனரல். வயது தொண்ணூற்றொன்று. நன்றாகச் சாப்பிடுவார், சாப்பிட்டதும் காதுக் கருவியைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவார். இதயத்தில் பேட்டரி வைத்திருக்கிறது, திடுக்கென்று எழுப்பக் கூடாது என்பது டாக்டரம்மாவின் கட்டளை. மெதுவாக அசைத்தாலோ, "அஞ்சு நிமிஷம்" என்று முணுமுணுத்துவிட்டு இன்னும் ஆழமாகப் போய்விடுவார். அவர் விழிக்கும்வரை நாற்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

போன வருடம் அவர் ஐம்பது நிமிடம் தூங்கினார். அன்று டாக்டரம்மாவின் ஒரே மகன் வேலைக்காக வெளிநாடு கிளம்புகிற நாள். விமானத்துக்கு நேரமாகிறது என்று அவர் பாதி எழுந்தபோது, மேஜர் இருபத்திரண்டாம் விதியை எண் சொல்லி ஒப்பித்தார். டாக்டரம்மா பதவியில் கர்னல், மேஜருக்கு மேலே. ஆனாலும் விதிக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்துவிட்டார். மகன் போய்விட்டான். அதன்பிறகு மேஜரிடம் வணக்கத்துக்கு மேல் அவர் ஒன்றும் பேசுவதில்லை. மேஜருக்கு அது உறுத்திக்கொண்டேதான் இருந்தது. விதி விதிதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இந்த வருடம் மேஜர் வீட்டிலும் ஒரு விஷயம். மகளுக்கு இது நிறைமாதம். தலைப்பிரசவம். டாக்டர் குறித்த தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி.

மகள் பிறந்தபோது அவர் எல்லை முகாமில் இருந்தார். பிள்ளையை முதலில் பார்த்தது நாலாவது மாதத்தில். யாரோ மீசைக்காரன் தூக்குகிறான் என்று அது வீறிட்டு அழுதது. பிறகு பள்ளிக்கூட நாடகம், பரிசளிப்பு, கை முறிந்தது, கல்லூரி என்று ஒவ்வொன்றையும் அவர் கடிதத்தில்தான் படித்தார். மூன்று வாரத்துக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் பை கட்டிக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமலேயே சொன்னாள்: "அப்பா, நான் பொறந்தப்ப நீங்க இல்ல. அதுக்கு நான் எதுவும் சொல்லல. எனக்குக் குழந்தை பொறக்கும்போது கதவுக்கு வெளிய நில்லுங்க. அது போதும் எனக்கு."

"நிப்பேன்" என்றார் மேஜர். அன்று ராத்திரி அவர் அதையே நினைத்துக்கொண்டு வெகுநேரம் புரண்டு படுத்தார்.

விருந்து அமர்க்களமாகத் தொடங்கியது. நீண்ட மேசையின் தலைமாட்டில் ஜெனரல். அவருக்கு வலப்பக்கம் டாக்டரம்மா, இடப்பக்கம் மேஜர், மேஜரை அடுத்து பீரங்கிக் கேப்டன். கேப்டனுக்கு ஒரு காது பீரங்கிக்கே போய்விட்டது. அதனால் ரகசியம் பேசினாலும் தெருமுனைவரை கேட்கும். சூப் வந்தது, வறுத்த கோழி வந்தது, கயிறு இழுத்ததில் யார் கள்ளத்தனம் பண்ணினார்கள் என்ற வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வந்தது. கடற்படைக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள், தரைப்படைக்காரர்கள் அதைவிடப் பலமாகத் தட்டினார்கள். சிரிப்புச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. எல்லாம் அச்சுப் பிசகாமல் நடக்கிறதே என்று மேஜருக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது.

கேக் வந்தது. ஜெனரல் இரண்டு துண்டு சாப்பிட்டார், வாயைத் துடைத்தார், காதுக் கருவியைக் கழற்றினார், தூங்கிவிட்டார். மணி ஏழு பத்து.

அப்போது சமையல்காரம்மா சமையல்கட்டிலிருந்து வேகமாக வந்து மேஜரின் காதருகே குனிந்தாள்.

"சார், உள்ள இருக்கிற போன்ல உங்க வீட்டம்மா பேசினாங்க. பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சாம். ஆஸ்பத்திரியில சேத்து ஒரு மணி நேரமாச்சு. உங்க செல்லுக்குப் பதினேழு தடவ அடிச்சாங்களாம்."

"செல் கூடையில இருக்கு" என்றார் மேஜர்.

"இன்னும் அரை மணி, முக்கால் மணிதான் தாங்கும்னு அங்க டாக்டர் சொல்லிட்டாராம். கிளம்புங்க சார்."

"என்னது, குழந்தையா? யாருக்கு?" என்று கேட்டார் கேப்டன். மேசையின் கடைசி நாற்காலிவரை நாற்பது தலைகளும் திரும்பின.

மேஜர் எழத்தான் போனார். இதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு கையையும் மேசையில் ஊன்றி, நாற்காலியை விட்டு இரண்டு விரற்கடை மேலேகூட வந்துவிட்டார். எதிரே டாக்டரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகவும் இல்லை, ஏளனமாகவும் இல்லை, சும்மா பார்த்தார். மேஜர் அப்படியே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"போங்க மேஜர், என்ன உக்காந்திருக்கீங்க" என்று நாலா பக்கமும் குரல்கள். "நாங்க பாக்கலைனு வெச்சுக்குங்க" என்றார் ஒருவர். "எல்லாரும் கண்ணை மூடிக்கலாம்யா" என்றார் கடற்படைக்காரர் ஒருவர். சொன்னதோடு நிற்காமல் அவர் மூட, பக்கத்திலிருந்தவர் மூட, போர்க்களம் பார்த்த அதிகாரிகள் அத்தனை பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா மட்டும் மூடவில்லை.

"போன வருஷம் டாக்டரை நான் உக்கார வெச்சேன்" என்றார் மேஜர், ஜெனரலைத் தாண்டிக் கேட்கும்படி. "புள்ளை ஊருக்குப் போறான்னு சொன்னாங்க. கேக்காம விதியைச் சொன்னேன். இன்னிக்கு என் பொண்ணுன்னதும் நான் எந்திரிச்சுப் போனா, அது என்ன நியாயம்? எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு போறது?"

கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஜெனரலின் குறட்டை மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது. மகள் இப்போது கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று மேஜர் நினைத்தார்.

"மேஜர்" என்றார் டாக்டரம்மா. "இருபத்திரண்டாம் விதியைச் சொல்லுங்க."

அடிமேல் அடியா என்று மேஜர் நினைத்தார். ஆனாலும் கேட்டால் சொல்லாமல் இருக்க முடியாத வாய் அது. "'விருந்தின்போது தலைமை நாற்காலி எழும்வரை உறுப்பினர் எவரும் எழலாகாது.'"

"இன்னொரு தடவ. நிறுத்தி."

"'விருந்தின்போது, தலைமை நாற்காலி...'"

"அங்க நில்லுங்க. எது எழணும்?"

"தலைமை."

"தலைமைன்னு மட்டுமா எழுதியிருக்கு?"

மேஜர் வாயைத் திறந்தார், மூடினார். "நாற்காலி" என்றார் கடைசியில்.

விஷயம் இதுதான். பழைய விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் தலைமை தாங்குகிற ஆளையே 'சேர்' என்று சொல்லுகிற வழக்கம் உண்டு. அதைத் தமிழில் மாற்றும் பொறுப்பை இழுத்துப்போட்டுக்கொண்டு செய்தவர் நம் விதிதான். ஒரு எழுத்துகூடப் பிசகக் கூடாது என்று சத்தியம் பண்ணாத குறையாக உட்கார்ந்து, அகராதியைப் புரட்டிப் புரட்டி, 'சேர்' எழும்வரை என்பதை நாற்காலி எழும்வரை என்று அழகாக எழுதி, பொதுக்குழுவில் வைத்து, கைதட்டலோடு நிறைவேற்றியும் விட்டார். எட்டு வருடமாக யாரும் அதைக் கூர்ந்து படிக்கவில்லை. ஒரே ஒருத்தர் படித்திருந்தார்.

"என் புள்ளை போன மறுநாளே புத்தகத்தை எடுத்து உக்காந்துட்டேன்" என்றார் டாக்டரம்மா. "எங்கயாவது ஓட்டை இருக்கான்னு பாத்தேன். இது மாட்டுச்சு. அடுத்த பொதுக்குழுவுல எல்லார் முன்னாடியும் உங்க மானத்தை வாங்கணும்னு பத்திரமா வெச்சிருந்தேன்." தூங்குகிற ஜெனரலைப் பார்த்தார். "பரவாயில்ல. இன்னிக்கே உபயோகப்படட்டும். நாற்காலி எழணும், அவ்வளவுதானே? எழுப்புங்க."

மேசை முழுக்கக் கசமுசா என்று ஆனது. "எவ்வளவு உயரம் எழணும்?" என்று ஒருவர் கேட்டார். "விதியில உயரம் போடல" என்றார் மேஜர். அவர் குரலில் உயிர் வந்திருந்தது. "சரி, தூக்குறது யாரு? நாமதான் எந்திரிக்கக் கூடாதே" என்றார் கேப்டன். நாற்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் ஒண்ணும் உங்க உறுப்பினர் கிடையாதே" என்றாள் சமையல்காரம்மா, கையை முன்றானையில் துடைத்துக்கொண்டே. பரிமாறுகிற மூன்று பேரையும் கூப்பிட்டாள். நாலு காலுக்கு நாலு பேர்.

டாக்டரம்மா உட்கார்ந்தபடியே ஜெனரலின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நாடி சீரா இருக்கு. குலுக்காம தூக்குங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு."

கைப்பிடி வைத்த கனமான மர நாற்காலி. அதன்மேல் தொண்ணூற்றொரு வயது, பதினாலு பதக்கம், இரண்டு துண்டு கேக். எல்லாம் சேர்ந்து மெல்ல மேலே வந்தது. ஒரு விரற்கடை, இரண்டு, ஒரு சாண். ஜெனரல் ஒரு கண்ணைத் திறந்தார்.

"எந்தப் பக்கம் போறோம்?" என்று கேட்டார்.

"முன்னாடி சார்" என்றார் மேஜர், ஜெனரலின் காதுக்கே கேட்கும் குரலில்.

"நல்லது" என்று ஜெனரல் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த நொடி நாற்பது நாற்காலிகளும் ஒரே சமயத்தில் பின்னால் தள்ளப்பட்ட சத்தத்தில் கீழே தபால் அலுவலகக் காவல்காரர் வெளியே ஓடிவந்து பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். மேஜர் கூடைப் பக்கம்கூடத் திரும்பவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார். பின்னால் கேப்டன் வண்டிச் சாவியை ஆட்டிக்கொண்டு, அவருக்குப் பின்னால் டாக்டரம்மா பையோடு. மற்றவர்கள் ஜன்னலில் குவிந்து, "வலது பக்கம் போ, பாலத்து வழியா போகாதே" என்று ஆளுக்கொரு உத்தரவு போட்டார்கள்.

வலது பக்கம்தான் போனார்கள். முக்கியச் சாலை நிரம்பி வழிந்தது. கால்பந்தாட்டம் முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. வண்டி நின்றுவிட்டது. கொடியும் ஊதலுமாகப் போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு மேஜர் முழங்காலில் குத்திக்கொண்டார். ஏழு இருபத்தெட்டு.

"பிடிச்சுக்குங்க" என்றார் கேப்டன். வண்டியைப் பின்னுக்கு எடுத்து, ஒரு சந்துக்குள் திருப்பினார். சந்து குறுகிக்கொண்டே போனது. திடீரென்று இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று படுக்கை விரிப்புகள். அதே சலவைக்கூடத்து முற்றம்.

"ஐயோ, மறுபடியுமா" என்றார் மேஜர்.

"இது யாரு துணின்னு நினைக்கிறீங்க? ஆஸ்பத்திரித் துணி. இதோட பின்வாசல்தான் ஆஸ்பத்திரிப் பின்வாசல். அன்னிக்கே சொன்னேன், நான் வழி தவறல, குறுக்குவழி கண்டுபிடிச்சேன்னு. ஒருத்தனாவது நம்பினீங்களா?"

விரிப்புகள் கண்ணாடியில் தட்டித் தட்டி விலகின. மேஜர் பின்னால் திரும்பினார். "டாக்டர், போன வருஷம் நான் பண்ணினது தப்பு."

"ஆமா, தப்புதான்" என்றார் டாக்டரம்மா. "இப்ப இறங்குங்க. மாடி மூணாவது. லிஃப்டுக்குக் காத்திருக்காதீங்க."

மேஜர் ஓடினார். அறுபத்திரண்டு வயதில், கறுப்புக் கோட்டில், பதக்கமெல்லாம் கிலுகிலுக்க அவர் படியேறியதைப் பார்த்து வழியிலிருந்த காவலாளி யாரோ மந்திரி வருகிறார் என்று சலாம் போட்டார். மூன்றாம் மாடி வராந்தாவில் நர்ஸ் ஒருத்தி கையை நீட்டித் தடுத்தாள்.

"எங்க போறீங்க? நீங்க யாரு?"

"தாத்தா" என்றார் மேஜர், மூச்சிரைக்க. அந்த வார்த்தையை அவர் தன்னைப் பற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் அவருக்கே சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நர்ஸ் கையை இறக்கினாள்.

வராந்தாவின் கடைசியில், மூடிய கதவுக்குப் பக்கத்தில் மனைவி நெற்றியைச் சுவரில் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். மருமகன் உள்ளே இருந்தான். மேஜர் வருவதை மனைவி கவனிக்கவில்லை. அந்தச் சமயம் உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. கரகரத்து, களைத்துப்போன குரல்.

"அம்மா, அப்பா வந்தாச்சா?"

"வந்துட்டிருக்காருடா கண்ணு" என்றார் மனைவி, முகத்தைச் சுவரிலிருந்து எடுக்காமலே. யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும், ஒவ்வொரு பரிசளிப்புக்கும், கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்த ராத்திரிக்கும் மகளிடம் அவர் சொன்ன பதில். இருபத்தெட்டு வருடமாக வாய்க்குப் பழகிப்போன பதில். அதை மேஜர் தன் காதால் கேட்டது இன்றுதான்.

அவர் கதவருகே வந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, மைதானத்தின் கடைசி வரிசைச் சிப்பாயையும் நிமிர வைக்கிற அந்தப் பழைய குரலில் சொன்னார்:

"வந்துட்டேம்மா. கதவுக்கு வெளியதான் நிக்கிறேன்."

வராந்தாவில் இரண்டு அறைக்கதவுகள் திறந்தன. "சார், இது ஆஸ்பத்திரி" என்று நர்ஸ் ஓடிவந்தாள். மனைவி திரும்பிப் பார்த்து, அவர் கோட்டின் கையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்த வலியிலும் மகள் சிரிப்பது கேட்டது. அதற்குப் பின் ஒரு நீண்ட கதறல். அதன் வால் முடிவதற்குள், கீச்சென்று, கோபமாக, இன்னொரு குரல்.

சற்று நேரத்தில் கதவு திறந்தது. "பேத்தி. உள்ள வாங்க" என்றார்கள்.

மேஜரால் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை. கண்ணீர் மீசையில் இறங்கிக்கொண்டிருந்தது. "நீ முதல்ல போ" என்றார் மனைவியிடம். "நான் இன்னும் கொஞ்சம் நேரம் இங்கயே நிக்கிறேன்."